நடை பழக்கும் யந்திரம்

முதுகெலும்பில் அடிபட்டுக் கால் விழுந்துபோனவர்களுக்கு மறுபடியும் நடை பழக்குவதற்காக மேல்நாடுகளில் ஒரு புதுமாதிரி யந்திரம் கையாளப்பட்டு வருகிறது. யந்திரம் என்றவுடன் நமது ஜனங்களில் சிலர், செப்புத் தகட்டில் கட்டம் கீறி இடுப்பில் கட்டிவிடுகிறார்களே, அந்த யந்திரத்தை நினைத்துக் கொள்ளக்கூடும். இதற்கு மந்திரமுமில்லை, தட்சணையுமில்லை. (ஆஸ்பத்திரிச் செலவு உண்டு; அதைப் பின்னால் சொல்லுகிறோம்.)

டிரெட்மில் என்னும் ஓடும் பட்டையின்மேல் நோயாளி நடக்கிறார். விழுந்துவிடாதபடி உடம்பில் வார் மாட்டி மேலிருந்து பிடித்திருக்கிறது. எதிரில் அரை வட்டமான திரையில் ஒரு பாதை தோன்றி, அவர் அடியெடுத்து வைக்க வைக்க நகர்ந்து வருகிறது. வழியில் தடை குறுக்கிட்டால் அவர் தாண்ட வேண்டும். சில சமயம் பட்டை திடீரென்று வெட்டி இழுக்கும். நிற்கும் மேடையே அசையும். தெருவில் ஒருவன் இடித்துவிட்டாலும், கல் தடுக்கினாலும் உடம்பு எப்படிச் சமாளிக்க வேண்டுமோ, அதை விழும் பயமில்லாமல் பழகிக் கொள்வதுதான் இதன் ரகசியம். இந்தத் திரைக்காட்சி வித்தைக்கு வர்ச்சுவல் ரியாலிட்டி, அதாவது மெய்நிகர் காட்சி, என்று பெயர்.

நெதர்லாந்து தேசத்தில் நைமேகன் நகரில், தண்டு முழுதும் அறுபடாமல் கொஞ்சமாவது நடக்கக் கூடியவர்களாயிருந்த சிலருக்கு, 6 வாரத்தில் 12 தடவை, தடவைக்கு ஒரு மணி நேரம் வீதம் இவ்விதப் பயிற்சி கொடுத்து 2018-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். நடையின் வேகமும் அடியின் நீளமும் கூடின, தடுமாற்றம் குறைந்தது.

இது எப்படி முடிந்தது? முதுகுத் தண்டு என்பது மூளையின் கட்டளையைக் காலுக்குக் கொண்டு போகும் வெறும் தந்திக்கம்பி அல்ல. மூளையிலிருந்து பிரிக்கப்பட்ட தண்டும் நடையின் தாளத்தைத் தானே போடக் கூடியது என்பதை கிரஹாம் பிரவுன் என்பவர் 1911-லேயே பூனைகளை வைத்துக் காட்டினார். 1980-களில் மான்ட்ரீல் நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள், தண்டு அறுக்கப்பட்ட பூனைகளை ஓடும் பட்டையில் நாள்தோறும் பழக்கி, பின்னங்கால்களால் அடியெடுத்து வைக்கச் செய்தார்கள். அந்தப் பூனைகள் எந்தக் கோயிலிலும் மண்டலம் இருக்கவில்லை. மரத்திலிருந்து விழுந்தோ, வண்டி மோதியோ இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப் போனவனை "பூர்வ ஜென்ம வினை" என்று மூலையில் படுக்க வைத்துவிட்டு, படுக்கைப் புண்ணையும் அந்த வினையின் கணக்கிலேயே எழுதுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கட்டும்.

நிற்க, வினையை நம்பாதவர்கள் யந்திரத்தைக் கண்மூடி நம்பிவிடலாமா என்பது அடுத்த கேள்வி. கூடாது என்பதே நமது அபிப்பிராயம். நைமேகனில் அதே 12 மணி நேரத்தைத் திரையில்லாமல் வெறும் தரையில் நடந்து பழகிய இன்னொரு கூட்டத்தார் ஒப்பிடுவதற்கு வைக்கப்படவில்லை. ஆகவே, வந்த பலனில் திரைக்கு எவ்வளவு, நடந்த நடைக்கு எவ்வளவு என்று அதைக்கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. திரையில்லாத பட்டையைப் பற்றியோவெனில் ஒப்பீடு நடந்திருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக, அடிபட்டு 8 வாரத்திற்குட்பட்ட 146 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு உடல் பாரத்தைத் தாங்கிக் கொடுத்து ஓடும் பட்டையிலும், மறு பகுதிக்குச் சாதாரணத் தரையிலும் 12 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். 2006-ல் வெளியான முடிவு என்னவென்றால், இரு பகுதிக்கும் வித்தியாசமில்லை என்பதுதான். காலில் தசையசைவு சிறிதாவது மிச்சமிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இரு பகுதியிலும் நடந்தார்கள்.

தண்டு முற்றிலும் போனவர்கள் சங்கதி வேறு. பிரேஸில் தேசத்து ஸாவோ பவுலோவில், நெடுநாளாகக் கால் விழுந்திருந்த 8 பேருக்கு, மெய்நிகர் காட்சி, மூளையின் மின்குறிகளால் இயங்கும் கருவிகள், பட்டை நடை எல்லாம் சேர்த்து 12 மாதம் பயிற்சி தந்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப்பேருக்குக் கொஞ்சம் உணர்ச்சியும் தசையசைவும் திரும்பி, "முழுச் சேதம்" என்ற வகுப்பிலிருந்து "பகுதிச் சேதம்" என்ற வகுப்பிற்கு மாறினார்கள். தோலில் தொட்டது தெரிவதும் தசை அசைவதும் அவர்களுக்குச் சிறிய காரியமல்ல. ஆனால் ஒருவரும் முன்போல் எழுந்து தெருவில் நடந்து போய்விடவில்லை. "முடவர் நடந்தார்" என்று கொட்டை எழுத்தில் போடுகிற பத்திரிகைகளுக்கு இந்த இரண்டாவது வாக்கியம் மாத்திரம் ஏனோ அச்சுக்கு அகப்படுவதில்லை!

ஆகையால், அடிபட்ட மகனுக்காகக் காணியை விற்றுப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு புறப்படுகிற தகப்பனுக்கு நாம் சொல்வது இதுதான். பணம் கட்டுமுன் வைத்தியரைக் கேளுங்கள்: ஐயா, தண்டில் தொடர்பு மிச்சமிருக்கிறதா? யந்திரத்தைவிட்டு இறங்கிய பின் வெறுந்தரையில் இவன் எத்தனை அடி நடப்பான்? இதே மணி நேரத்தைக் கைத்தாங்கலாக ஓர் ஆள் பிடித்துத் தரையில் பழக்கினால் எவ்வளவு குறையும்? பதில் சொல்லாமல் திரையை மாத்திரம் போட்டுக் காட்டுகிற இடமாயிருந்தால், காணியை விற்காமல் திரும்பி வந்துவிடலாம்.