ஏழு அணுக்கள் புகட்டும் பாடம்

ஹாசியம் என்றதும் நம்மவர் நகைச்சுவையையே நினைப்பர். ஈண்டு யாம் கூறப் புகுந்ததோ 108 என்னும் அணுவெண்ணையுடைய ஒரு மூலகத்தைப் பற்றியதாகும். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்து விஞ்ஞானிகள் 1984ஆம் ஆண்டில் இதனை ஆக்கினர். அந்நகர் அமைந்த ஹெஸ்ஸன் மாநிலத்தின் இலத்தீன் பெயரையொட்டி இதற்குப் பெயரும் இட்டனர். சொற்ப நேரத்திற் சிதைந்தொழியும் இம்மூலகத்தின் ஒட்சைட்டை ஆராய்ந்த வரலாறு, நம் மாணவர் விஞ்ஞானம் பயிலும் முறைக்கு நல்லதொரு படிப்பினையாகும் என்பது எமது துணிபு.

ஆவர்த்தன அட்டவணையில் இரும்பு, உருத்தேனியம், ஓசுமியம் ஆகியவற்றின் கீழே ஹாசியம் நிற்கின்றது. ஓசுமியம் ஒட்சிசன் அணுக்கள் நான்குடன் சேர்ந்து, எளிதில் ஆவியாகும் நாலொட்சைட்டைத் தரும். ஆகவே ஹாசியமும் அவ்வாறே செய்யும் என்று பரீட்சைத் தாளில் எழுதிவிடலாம், புள்ளியுங் கிடைக்கும். விஞ்ஞானிகளுக்கோ அது போதவில்லை. அணுக்கரு மிகக் கனத்தவிடத்து இலத்திரன்கள் பெருவேகங் கொள்ளும். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைப்படி குடும்பப் பண்பு பிறழவுங் கூடும். பிறழ்ந்ததா, இல்லையா என்பதைச் சோதனையன்றோ சொல்ல வேண்டும்!

2001ஆம் ஆண்டில் அச்சோதனை டார்ம்ஸ்டாட்டில் நிகழ்ந்தது. கியூரியத்தின்மீது மகனீசிய அணுக்கருக்களை மோதவிட்டனர். தோன்றிய ஹாசியத்தை ஈலியமும் ஒட்சிசனுங் கலந்த வாயுவிற் சேர்த்து, வரவரக் குளிர்ந்து செல்லும் ஒடுங்கிய வழியொன்றிற் செலுத்தினர். கண்டறியப்பட்டவை ஏழே ஏழு அணுக்கள். ஹாசியத்தின் ஒட்சைட்டு ஏறத்தாழச் சைபருக்குக் கீழ் 44 பாகை செல்சியசிற் படிந்தது. ஓசுமியத்தினதோ 82 பாகை வரை குளிர்ந்த பின்னரே படிந்தது. குடும்பப் பண்பு நிலைத்தது. ஆவியாகும் இயல்பு மட்டுங் குறைந்தது. முன்னையதை ஊகித்தறியலாம், பின்னையதை அளந்தே அறியலாம்.

இவ்வுண்மைக்குச் சான்று தேடி டார்ம்ஸ்டாட் வரை செல்லவும் வேண்டியதில்லை. சிவ தாண்டவத்தின் தத்துவத்தை உலகிற்கு எடுத்துரைத்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை நாம் அறிவோம். அவர் 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனியவள ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே. சப்பிரகமுவாவின் பலாங்கொடைப் பகுதியிற் கிடைத்த கரிய கனியமொன்றை அவர் 1904இல் யுரேனியக் கனியம் எனவே முதலிற் கொண்டார். இலண்டனில் டன்ஸ்டன் பகுத்தாராய்ந்தபோது, அது பெரும்பாலும் தோரியத்தின் ஒட்சைட்டாலாகிய புதுக் கனியம் எனத் தெரிந்தது. தோரியனைட்டு என்னும் பெயரும் பெற்றது. பேரறிஞரின் கண்ணும் ஏமாறும், திருத்துவது சோதனையே.

அதே இலங்கைக் கனியத்திலிருந்து பிரித்த பொருளை ஆராய்ந்தே, 1905இல் ஒட்டோ ஹான் என்னும் ஜெர்மானிய இளைஞர் இலண்டனில் இரேடியோதோரியத்தைக் கண்டார். பிற்காலத்தில் அணுக்கருப் பிளவைக் கண்டு உலகப் புகழெய்தியவரும் அவரே. 108ஆம் மூலகத்திற்கு 1994இல் முன்மொழியப்பட்ட பெயரும் ஹானியம் என்பதே. 1997இலேதான் ஹாசியம் என்பது உறுதியாயிற்று. நம் மலைநாட்டு ஆற்றுமணலுக்கும் அந்த அட்டவணைக்கும் உள்ள உறவு இத்தகையது.

இன்று நம் பிள்ளைகள் அவ்வட்டவணையை எவ்வாறு கற்கின்றனர்? பாடசாலை விட்டதும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தனியார் வகுப்புகளை நோக்கி விரைகின்றனர். குறிப்புகளை எழுதுகின்றனர், மனனஞ் செய்கின்றனர். சோதனைக் குழாயைத் தம் கையாற் பிடித்து, நிறம் மாறுவதைக் கண்டு, 'ஏன்?' என்று வினவுவதற்கு நேரமில்லை. பரீட்சையிற் சித்தியெய்தாவிடிற் பல்கலைக்கழகம் ஏது எனப் பெற்றோர் கேட்பது நியாயமே. பரீட்சையை யாம் இகழவில்லை. ஆயினும், விடையை மட்டும் அறிந்தவன் புதிய வினாவின் முன் திகைத்து நிற்பான். விடை காணும் வழியை அறிந்தவன் இரண்டிலும் வெல்வான்.

ஆதலின், யூபிலி ஆண்டில் தாய்க் கல்லூரிக்குக் காணிக்கை செலுத்த விழையும் பழைய மாணவர்க்கு எமது விண்ணப்பம் ஒன்றுண்டு. வளைவும் வர்ணப்பூச்சும் சற்றே பொறுக்கட்டும். ஆய்வுகூடத்திற்குத் தராசும் குழாயும் இரசாயனப் பொருள்களும் முதலில் வரட்டும். வாரத்தில் ஒரு மாலையேனும் மாணவர் அங்கே தம் கையாற் செய்து பார்க்க ஆசிரியர் வழி வகுப்பாராக. ஏழு அணுக்களைக் கொண்டு ஓர் உண்மையை நிறுவினர் பிறர். நம் மாணவர்க்கு ஒரு குடுவையேனும் வேண்டாவா?