முதல் மணி யாருக்கு?

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

ஒரு தாளில் கையெழுத்திடுவது எவ்வளவு கடினமான செயல் என்பதை 2021ஆம் ஆண்டு அக்டோபர்க் கடைசியில்தான் நான் அறிந்தேன். தாளை எழுதியவள் நான். கையெழுத்திட வேண்டியவர் என் தந்தையார். மகனைப் பள்ளிக்கு அனுப்பச் சம்மதம் என்று நான்கே வரி. மாரண்டஹள்ளியில் எங்கள் வீட்டுத் திண்ணையில், காற்றில் பறந்துவிடாமலிருக்க ஒரு சொம்பின் அடியில், அந்தத் தாள் இரண்டு இரவுகள் கிடந்தது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது என் தம்பி ஒன்றாம் வகுப்பில் இருந்தான். இரண்டாம் வகுப்பை அவன் கண்ணால் கண்டதில்லை. அவன் பெயர் மட்டும் மூன்றாம் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நவம்பர் 1ஆம் நாள், தீபாவளிக்கு மூன்று நாள் முன்பாக, ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் திறக்கப்படும், வருகை கட்டாயமில்லை, பெற்றோர் விரும்பினால் அனுப்பலாம் என்று அரசு அறிவித்திருந்தது. விரும்பினால்! அந்த ஒரு சொல்லில் எத்தனை பெற்றோரின் தூக்கம் போயிற்று என்பதை எண்ணிப் பாருங்கள்.

அப்பா தயங்கியதில் நியாயம் இருந்தது. அந்த ஆண்டு மே மாதம் தமிழகத்தில் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. அந்த நாட்களில்தான் அப்பாவைப் பெற்ற எங்கள் ஆயா எங்களை விட்டுப் போனார். தெருவில் உலவிய வதந்திகளைக் கேட்டு அவர் ஊசி போட்டுக்கொள்ள மறுத்திருந்தார். அப்பா அப்போது ஓசூரில் ஒரு தொழிற்கூடத்துக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். நோயை வீட்டுக்குள் கொண்டுவந்தது தாம்தான் என்பது அவருடைய முடிவு. யாரும் அவரை அப்படிக் குற்றம் சொல்லவில்லை. சொல்லாததே அவரை இன்னும் வாட்டியது என்று நினைக்கிறேன்.

"நான் கொண்டாந்தது போதும்மா. இவனும் ஒரு தடவ கொண்டாரணுமா?" என்றார் என்னிடம்.

இதற்கு ஒரு பதினாறு வயதுப் பெண் என்ன பதில் சொல்வாள்?

நானும் ஒரு காலத்தில் 'வேண்டாம்' என்ற கட்சியைச் சேர்ந்தவள்தான். 2020 நவம்பர் 9ஆம் நாள், ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகளைத் திறக்கலாமா என்று பள்ளிகளில் பெற்றோரின் கருத்தைக் கேட்டார்கள். நான் அப்போது பத்தாம் வகுப்பு. "வேண்டாம்னு சொல்லும்மா" என்று அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். பாதி அச்சம், மீதிப் பாதி, உண்மையைச் சொன்னால், எட்டு மாதமாகப் புத்தகத்தைத் திறக்காத கூச்சம். மூன்று நாளில் அந்தத் திறப்பு கைவிடப்பட்டது. தடுப்பூசி வராத காலம் அது. அந்த முடிவைக் குறைசொல்ல இன்றும் என் மனம் ஒப்பவில்லை. என் குறையெல்லாம் பின்னால் திறந்தபோது வைத்த வரிசையைப் பற்றியதே.

2021 சனவரி 19இல் பத்தும் பன்னிரண்டும் வந்தன. பிப்ரவரி 8இல் ஒன்பதும் பதினொன்றும். இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு, செப்டம்பர் 1இல் மீண்டும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. சின்னஞ்சிறு பிள்ளைகள் எல்லோருக்கும் பின்னால், ஏறத்தாழ இருபது மாதம் கழித்து. பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகள் முதலில் வரட்டும் என்பதே இதன் காரணம். விந்தை என்னவென்றால், எந்தத் தேர்வுக்காக எங்களை முதலில் அழைத்தார்களோ அந்தத் தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பினர் அனைவரும் தேர்ச்சி என்று பிப்ரவரி 25இல் அறிவித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் சூனில் கைவிடப்பட்டது. என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மதிப்பெண்ணே கிடையாது. வேலைக்கு விண்ணப்பம் நிரப்பும்போதெல்லாம் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று நானும் என் வகுப்புத் தோழியரும் விழிப்பது வேறு கதை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே 2021 ஆகஸ்டு 23 முதல் திரையரங்குகள் பாதி இருக்கைகளோடு திறந்துவிட்டன. ஒன்றாம் வகுப்பு திறக்க அதற்குப் பின்னும் இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

அந்த இருபது மாதங்களில் என் தம்பி சும்மா இருந்தானா? இல்லை. தக்காளி பறிக்கப் போனான். எத்தனை பெட்டி ஏறியது, எத்தனை கழிந்தது என்று மனத்தில் கணக்கு வைத்துக்கொள்வான். ஆனால் எழுத்து போயிற்று. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடக்கும், மின்சாரமும் இருக்கும், அந்த நேரத்தில் அவன் வயலில் இருப்பான். வீட்டுக்கு ஒரே கைப்பேசி. அதுவும் அப்பாவோடு ஓசூர் போய்விடும். ஒருநாள் பிஸ்கட் பொட்டலம் ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். டக்கென்று பெயரைச் சொல்லிவிட்டான். எனக்கு மகிழ்ச்சி. பிறகு படத்தைக் கையால் மறைத்துக் கேட்டேன். விழித்தான்.

எங்கள் பக்கத்தில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் ஒட்டிய பகுதி இது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் பல. அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழெழுத்து என்பது பள்ளியில் மட்டுமே கிடைக்கும் பொருள். பள்ளி பூட்டினால் அவர்களுக்கு ஒரு மொழியே பூட்டப்பட்டதாகும். மதிய உணவும் அப்படித்தான். அரிசியும் பருப்பும் வீட்டுக்கே கொடுத்தார்கள், நன்றி மறக்கலாகாது. ஆனால் வீட்டுக்கு வந்த அரிசி வீட்டு உலைக்குத்தான் போகும். தட்டில் பிள்ளைக்கென்று விழும் சோறு அன்று.

என்னோடு ஒரே பெஞ்சில் அமர்ந்தவள் ஒருத்தி. செப்டம்பர் 1ஆம் நாள் பதினொன்றாம் வகுப்புக்கு அவள் வரவில்லை. ஆவணியிலேயே திருமணம் முடிந்துவிட்டது. பதினெட்டு நிறையாத பெண்ணுக்கு மணம் முடிப்பது குற்றம் என்று எங்கள் இருவருக்கும் பாடப்புத்தகம் சொல்லியிருந்தது. வீட்டில் இருக்கும் பெண் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறாள். பள்ளிக்குப் போகிற பெண்ணுக்கு 'படிக்கிறாள்' என்ற ஒரு பதிலாவது இருக்கிறது. அந்த ஆண்டு எங்கள் வீட்டுக்கும் ஒருவர் பெண் கேட்டு வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்.

'உயிர் பெரிதா, எழுத்து பெரிதா?' என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்கு மனித குலம் இதற்கு முன்பும் விடை தேடியிருக்கிறது. 1918இல் விஷக்காய்ச்சல் உலகை உலுக்கியபோது அமெரிக்க நகரங்கள் பலவும் பள்ளிகளை மூடின. நியூயார்க்கும் சிகாகோவும் மூடவில்லை. நெரிசலான குடியிருப்பில் பிள்ளை அடைந்து கிடப்பதைவிட, மருத்துவர் வந்து பார்க்கும் பள்ளியில் இருப்பது மேல் என்றார் நியூயார்க்கின் நலவாழ்வு ஆணையர் கோப்லாண்டு. நம் காலத்திலோ, டென்மார்க் நாடு 2020 ஏப்ரல் 15இலேயே பள்ளிகளைத் திறந்தது. அதுவும் மழலையர் முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ளவர்களை முதலில் அழைத்தது. நம் நாட்டிலும் 2021 சூலை 20இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா, ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஊசி போட்டுவிட்டுத் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பதே அறிவுடைமை என்றார். ஆறு முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் வந்து போன அடையாளம் இரத்தத்தில் இருந்ததை அவர்களின் ஆய்வு காட்டியிருந்தது. நாம் தலைகீழாகச் செய்தோம். 2022 சனவரியில் அடுத்த அலை வந்தபோதும் முதலில் நிறுத்தப்பட்டவர்கள் ஒன்று முதல் எட்டு வரை படித்தவர்களே.

திண்ணைக்கு வருகிறேன். என் புள்ளிவிவரம் எதுவும் அப்பாவிடம் செல்லவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை அம்மாதான் பேசினார். அடுப்பைப் பார்த்தபடியே, "இஸ்கூலு பூட்டியிருந்தப்பதான ஆயா போச்சு" என்றார். அவ்வளவுதான்.

அப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார். தம்பியின் முகக்கவசத்தைத் தாமே கட்டிவிட்டுப் பள்ளி வாசல் வரை சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். ஒரு வாரம் வரை, மாலையில் அவன் வந்ததும் நெற்றியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அனுப்பியது நல்லதாயிற்று. எங்கள் தெரு அக்கா ஒருவர் 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலராகச் சேர்ந்து மாலையில் பாடம் சொன்னார். அவருக்கு வெளியூர் போகும் நாட்களில் நான் கரும்பலகையைப் பிடித்துக்கொள்வேன். பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவரோடு சேர்ந்தவர்களும் தமிழகக் கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19 ஆயிரம் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், மூடிய காலத்தில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கண்டார்கள். மீதி ஒரு பங்கு யார் வீட்டில் நின்றுபோனது என்று கேட்டால் எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டைக் காட்டுவேன்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் நான் வைக்கும் வாதம் இதுதான். இன்னொரு கொள்ளைநோய் வந்தால் சின்ன வகுப்புகள் கடைசியில் மூடப்பட்டு முதலில் திறக்கட்டும். வீட்டிலுள்ள முதியோருக்கும் ஆசிரியருக்கும் மருந்து முதலில் சேரட்டும். 'விரும்பினால் அனுப்பு' என்று ஒரு தாளை நீட்டி, அரசும் அறிஞரும் சுமக்க வேண்டிய சுமையை, தாயை இழந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு கூலித் தொழிலாளியின் விரலிடுக்கில் வைக்க வேண்டாம். நம்மில் பலர் நாளை ஆசிரியராகப் போகிறவர்கள். அந்தத் தாளை நீட்டும் கை நம்முடையதாகவும் இருக்கலாம்.

தம்பி இன்று ஏழாம் வகுப்பு. இன்னும் வரியின் கீழ் விரல் வைத்துத்தான் படிக்கிறான். யாராவது பார்த்தால் விரலை எடுத்துவிடுகிறான்.