பழவேற்காட்டுச் செப்புக்காசும் சேகரிப்போர் கனவும்

நாணயம் சேகரிப்போர் கூடுகிற இடங்களில் வழக்கமாக எழும் பேச்சு ஒன்று உண்டு. கையில் ஆயிரம் ரூபாய் இருந்தால் எந்தக் காசை வாங்குவீர், லட்சம் இருந்தால் எதை, கோடி இருந்தால் எதை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் தத்தம் மனத்தில் பிரதிஷ்டை செய்து வைத்திருக்கும் காசின் பெயரை ஆவலோடு வெளியிடுவார்கள். ஒருவர் எதை அருமை என்று கருதுகிறார், என்ன காரணம் பற்றி அவ்வாறு கருதுகிறார் என்பதை இந்தக் கேள்வியைப்போல் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை. கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளுக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் இடையே வாழ்கிற சேகரிப்பாளர் ஒருவர் இதற்கு என்ன விடை சொல்வது தகும் என்பதைப் பற்றி எனக்குத் திடமான அபிப்பிராயம் இருக்கிறது.

உச்சிப் படியிலிருந்தே தொடங்கலாம். அமெரிக்க அரசாங்கம் 1933-இல் அச்சிட்டுப் புழக்கத்துக்கு விடாமலே உருக்கிவிட்ட இருபது டாலர் பொற்காசுகளில் தப்பிப் பிழைத்த ஒன்று, 2021-இல் நியூயார்க்கில் ஏறத்தாழ 1 கோடியே 89 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதற்கு முந்திய ஆண்டு, ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸ் அக்கொலையின் நினைவாக வெளியிட்ட பொற்காசு ஒன்று லண்டனில் சுமார் 42 லட்சம் டாலர் பெற்றது. ஆனால் அக்காசு வந்த வழியைப் பற்றிச் சொல்லப்பட்ட வரலாறு பொய் என்று பின்னர் வெளிப்பட்டு, 2023-இல் அது கிரேக்க நாட்டிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. இத்தனை கீர்த்தி வாய்ந்த காசும், எந்த மண்ணிலிருந்து எப்படிக் கிடைத்தது என்ற கேள்விக்கு உண்மையான விடை இல்லாதபோது, உடையவரிடம் நிலைக்கவில்லை என்பதை நம்மவர் மறத்தலாகாது.

தமிழ்நாட்டுச் சேகரிப்பாளரின் கனவுகள் வேறு. பொருள் படைத்தவர் கங்கைகொண்ட சோழன் என்ற பெயர் பொறித்த பொற்காசை நினைத்து ஏங்குவார். புலமை நாட்டம் உடையவரோ, 1980-களில் இரா. கிருஷ்ணமூர்த்தி படித்து வெளியிட்ட, தமிழ்ப் பிராமி எழுத்தில் பெருவழுதி என்ற பெயரைத் தாங்கிய சிறு செப்புக்காசைத்தான் முதலில் சொல்வார். ஏனெனில் சங்கப் பாடல்களில் கேட்டுப் பழகிய பெயரொன்றை உலோகத்தின்மேல் கண்ணால் காண்பதற்கு நிகரான ஆனந்தம் பொன்னில் இல்லை. இடைப்படியில் நிற்பவர்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் அடித்த, ஒருபுறம் திருமாலும் மறுபுறம் நட்சத்திரமும் கொண்ட பொன் வராகன் இருக்கிறது. அல்லது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த, கோபுரம் பொறித்த வெள்ளி அரை வராகன் இருக்கிறது. ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கும் ஒரே காசில் இடம் பெற்றிருப்பதால், அக்காலச் சென்னைக் கடைவீதி முழுவதும் அந்த வெள்ளிவட்டத்தில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றும்.

சில நூறு ரூபாய்க்கு வருவன இராசராசனின் பெயர் நாகரி எழுத்தில் அமைந்த செப்புக்காசுகள். ஆயிரம் ஆண்டுக்கு முன் சோழ நாட்டுச் சந்தையில் கைமாறிய பொருள் இன்றும் எளியவர் கைக்கு எட்டுகிறதென்றால், அவை அத்தனை பெருந்தொகையாக அடிக்கப்பட்டன என்பதே காரணம். சென்னை மாகாணத்துக்காக 1808-இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து அச்சுச்சாலையில் அடித்த பத்துக் காசு, இருபது காசு நாணயங்களின் கதை வேறு விதமானது. அவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் கடலடியிலிருந்து அவை பல லட்சக்கணக்கில் மீட்கப்பட்டன. சென்னைக்கு வந்து சேராமலே உலகமெங்கும் பரவிய அக்காசுகளை இன்று பள்ளிச் சிறுவனும் வாங்கலாம். விலைக்கும் சரித்திர மகிமைக்கும் உள்ள சம்பந்தம் எவ்வளவு சொற்பம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் நம் மாவட்டத்துக்காரர் தம் கனவைத் தேடி இத்தனை தூரம் அலைய வேண்டியதில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. அக்கோட்டையின் அக்கசாலையில் அடிக்கப்பட்ட செப்புக்காசுகளில், ஒருபுறம் கம்பெனியின் மூன்றெழுத்து முத்திரை பின்னிக் கிடக்கும். மறுபுறம் இந்நாட்டு எழுத்துக்கள் இருக்கும். பொன் வராகன்களும் அங்கே அடிக்கப்பட்டன. நாகசாகித் துறைமுகத்தில் டச்சுக்காரர் பெற்ற ஜப்பானியச் செம்பும், 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானியப் பொற்காசுகளும் கப்பலேறி இந்தக் கரையில் இறங்கின. அப்பொற்காசுகள் பழவேற்காட்டு உலையில் உருகி வராகனாக மறுபிறவி எடுத்து, இப்பகுதி நெசவாளரின் துணிக்கு விலையாயின. அத்துணி ஜாவாவுக்கும் மலுக்குத் தீவுகளுக்கும் சென்று கிராம்பையும் சாதிக்காயையும் வாங்கித் தந்தது. அதே கரையிலிருந்து பஞ்சகாலங்களில் விலைக்கு வாங்கப்பட்ட ஏழை ஜனங்கள் அடிமைகளாகப் படேவியாவுக்கு ஏற்றப்பட்டனர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காசு அந்தத் துயரத்துக்கும் சாட்சிதான்.

ஆதலால் என் விடை இது: கிடைத்த இடமும் கிடைத்த விதமும் எழுதி வைக்கப்பட்ட பழவேற்காட்டுச் செப்புக்காசு ஒன்றே இம்மாவட்டத்துச் சேகரிப்பாளரின் கனவாக இருக்கத் தகும். விலையளவில் அது சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்கிற ஒருவரின் மாதச் சம்பளத்துக்கு எட்டாததன்று. அருமை காசில் இல்லை. அதனோடு சேர்ந்து வரவேண்டிய அந்த ஒரு வரிக் குறிப்பில் இருக்கிறது. எந்த மேட்டில், எந்த ஆழத்தில், வேறு எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்று தெரிந்தால், அது ஊரின் வாணிகத்தையும் குடியிருப்பையும் பற்றிச் சாட்சி சொல்லும். தெரியாவிட்டால், சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு பெட்டிக்குள் கிடக்கும் செப்புத் துண்டு அது.

கும்மிடிப்பூண்டி இன்று உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் கழிவு இரும்பு வந்து உருகுகிற ஊர். அந்நிய உலோகம் இக்கரைக்கு வந்து உலையில் புது வடிவம் பெறுவது முந்நூற்றைம்பது ஆண்டுப் பழக்கம் என்று எண்ணும்போது எனக்கு வியப்பு உண்டாகிறது. அச்சமும் கூடவே உண்டாகிறது. புதிய ஆலைகளுக்கும் சாலைகளுக்கும் வீட்டுமனைகளுக்குமாக மண் ஓயாமல் தோண்டப்படுகிற இப்பகுதியில் அகப்படும் பழங்காசு, காயலான் கடையில் செம்போடு செம்பாக எடைக்குப் போய்விட்டால், அதன் பின் எந்தச் சரித்திர ஆசிரியராலும் அதை மீட்க இயலாது.

அப்படிப் போகாமல் தடுக்கச் சட்டம் இருக்கிறது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. அரசாங்கம் அதை எடுத்துக்கொள்ளும்போது, உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது. பொன்னானால் சரி, கால் தோலா எடைகூட இல்லாத செப்புக்காசுக்கு இந்தக் கணக்கில் என்ன கிடைக்கும்? மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒருநாள் கூலியை இழந்து அலுவலகப் படியேறும் தொழிலாளி எதை நம்பி ஏறுவார்? இங்கிலாந்தில் 1996-இல் இயற்றிய சட்டம் புதையலுக்குச் சந்தை மதிப்பையே வெகுமதியாக்கியது. மறு ஆண்டே, புதையல் என்ற வரையறைக்குள் வராத சிறு காசையும் பொத்தானையும்கூடக் கண்டெடுத்தவர் தாமாக வந்து பதிவுசெய்து, பொருளைத் தாமே எடுத்துச் செல்லும் ஏற்பாடும் தொடங்கிற்று. நம் நாட்டிலும் அத்தகைய திருத்தம் அவசியம்.

சட்டம் திருந்தும் வரையில் காத்திருக்கவும் வேண்டியதில்லை. பழைய ஐந்து ரூபாய் நாணயத்துக்கு லட்சங்கள் தருவதாகக் கைப்பேசியில் வரும் விளம்பரங்களை நம்பி முன்பணம் கட்ட வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் பகிரங்கமாக எச்சரித்தது. வெளியூரிலிருந்து வந்து இங்கே உழைக்கும் இளைஞர்களிடம் அந்த எச்சரிக்கையைக் கொண்டுசெல்வது சேகரிப்போர் சங்கங்களின் முதற்கடமை. அடுத்தது, விற்பவரிடம் விலையைக் கேட்கும் முன்பே இடத்தைக் கேட்பது. பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஏற்கெனவே இருக்கிறது; பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களில் அகப்படும் காசுகளைப் படமெடுத்து, எடைபோட்டு, இடத்தைக் குறித்து, உடையவரிடமே திருப்பிக் கொடுக்கும் பதிவேடு ஒன்றை அங்கே வைப்பதற்கு ஒரு தராசும், ஒரு புகைப்படக் கருவியும், எழுதத் தெரிந்த ஒருவரும் போதும்.