காது வைத்துக் கேட்டாலும் அது தேடல்தான்

"குழி போடமாட்டோம், வெடி வைக்கமாட்டோம். சின்ன கருவியை மண்ணுல பதிச்சு பூமி சத்தத்தைக் கேப்போம், அவ்வளவுதான்." எண்ணெய், எரிவாயு தேடுகிற தொழிலில் இப்படியும் ஒரு முறை உண்டு. வழக்கமான ஆய்வில் வெடி வைத்தோ கனரக லாரியால் தரையை அதிரவைத்தோ எதிரொலியைப் பதிவு செய்வார்கள். இதில் பூமியில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மெல்லிய அதிர்வை மட்டும் கேட்கிறார்கள். நொடிக்குச் சுமார் 1 முதல் 6 அதிர்வு வரையிலான பகுதி எண்ணெய் இருக்கும் இடத்துக்கு மேலே தூக்கலாகத் தெரியும் என்பது அவர்கள் வாதம். 2003-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை இதைச் சொன்ன பிறகு தனி நிறுவனங்களே கிளம்பின.

வயலுக்குக் கெடுதல் இல்லையே, பார்த்துட்டுப் போகட்டும்னு நம்மில் பலருக்குத் தோணும். எனக்கு அதில் சம்மதமில்லை.

முதலில், இந்த முறையே சந்தேகத்துக்குரியது. லிபியப் பாலைவனப் பதிவுகளை அலசி 2008-ல் எழுதியவர்கள், மனித நடமாட்டம் கிளப்பும் அதிர்வே எண்ணெயின் அடையாளம் போலத் தெரியக்கூடும் என்று எச்சரித்தார்கள். நம் டெல்டாவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆறு கொண்டுவந்து போட்ட இளமண் தனக்கென்று ஓர் அதிர்வு கொண்டது. குறுக்கு அலை நொடிக்கு 240 மீட்டர் வேகத்தில் போகும் மண் 30 மீட்டர் கனத்துக்கு இருந்தால், அது நொடிக்கு 2 முறை அதிரும். அவர்கள் தேடுகிற அதே இடம்! கேட்டது எண்ணெயா, காவிரி வண்டலா? கடைசியில் துளை போட்டுத்தான் பார்க்கணும். துளை யார் வயலில்?

அதைவிட முக்கியமானது சட்டம். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிதாகக் கிணறு தோண்டுவதை மட்டும் தடுக்கவில்லை. எண்ணெய், எரிவாயு ஆய்வையும் சேர்த்தே தடுக்கிறது. ஏற்கெனவே நடக்கிற பணிகளை அது தொடவில்லை என்ற குறை எனக்கும் உண்டு. ஆனால் இருக்கிற ஒரு வரியை "இது சும்மா கேக்கறதுதானே" என்ற பேச்சுக்கு விட்டுக்கொடுக்க முடியாது. சத்தமில்லாமல் செய்தாலும் ஆய்வு ஆய்வுதான். நெடுவாசலில் 2017-ல் மாதக்கணக்கில் உட்கார்ந்த சனங்கள் எதிர்த்தது வெடிச்சத்தத்தை அல்ல.

கருவியோடு யாராவது வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த உரிமத்தின் கீழ் வர்றீங்க? பதிவு யார் கைக்குப் போகும்? ஊராட்சிக்கு எழுத்தில் கொடுத்தாச்சா? பதில் காகிதத்தில் வரும்வரை அவங்க வரப்புலேயே நிக்கட்டும்.