அந்தமான் வனங்களின் கதி

தீவாந்தர சிட்சை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நமது முன்னோர் நடுங்கினர். 1908-ம் வருஷத்தில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு முதலில் விதிக்கப்பட்டதும் அச்சிட்சையே. அப்பீலில் அது குறைக்கப்பட்டபடியால் அவர் தீவாந்தரம் செல்லவில்லை. ஆயினும் நமது கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுக்க நேர்ந்தது.

அந்தமானில் 1858-ல் கைதிகளின் குடியேற்றம் தொடங்கியது. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேயருக்கு எதிர்க்கரையில் ஒரு மலை உண்டு. ஆங்கில அதிகாரியொருவரின் மனைவி பெயரால் மவுண்ட் ஹேரியட் என்று வழங்கிய அம்மலையிலிருந்து இறங்கி வந்த ராஜப்பிரதிநிதி மேயோ பிரபுவை, 1872-ல் ஷேர் அலி என்ற கைதி அடிவாரத்தில் குத்திக் கொன்றான். 1891-ம் வருஷத்து யுத்தத்தில் தோல்வியுற்ற மணிப்பூர் அரசர் குலசந்திரரும் அவருடைய தோழர்களும் அங்கேதான் காவலில் வைக்கப்பட்டனர். இன்று அது தேசியப் பூங்கா. 2021-ல் அதற்கு மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் சூட்டினர். நன்றே செய்தனர்.

ஆனால் அங்கே காடு எஞ்சியது எதனால்? அந்நிய சர்க்காரின் கருணையால் அன்று. கைதிகளைக் கொண்டே அவர்கள் மரங்களை வெட்டுவித்தனர். 1883-ல் சாத்தாம் தீவில் மரமறுக்கும் ஆலையும் அமைத்தனர். எஞ்சியதைக் காத்தது கடலின் தூரமே. எந்தத் தூரம் அத்தீவுகளைச் சிறைக்கு ஏற்றவையாக்கியதோ, அதே தூரம் வனத்துக்கு வேலியாயிற்று. சென்னையிலிருந்து சில மணி நேரத்தில் விமானம் சென்றிறங்கும் இந்நாளில் அவ்வேலி இல்லை. இனிச் சட்டம் ஒன்றே காவல்.

அச்சட்டத்தின் வலிமை யாது? தெற்கே பெரிய நிகோபாரில், கடலாமைகளுள் மிகப் பெரியதான பேராமை முட்டையிடும் கலத்தியா விரிகுடா சரணாலயமாக இருந்தது. 2021-ல் அந்த அந்தஸ்து நீக்கப்பட்டது. மறு வருஷமே துறைமுகம், விமான நிலையம், மின்சார நிலையம், நகரம் ஆகியவற்றுக்கு அனுமதி கிடைத்தது. ஷோம்பேன் பழங்குடியினர் வாழும் அத்தீவில் சுமார் 130 சதுர கிலோமீட்டர் வனம் அழிய வேண்டும். ஈடாக ஹரியானாவில் மரம் நடுவார்களாம்! மழைக்காடு ஒன்று, வறண்ட சமவெளி மற்றொன்று. எழுதிய கையே கிழித்துவிடக் கூடுமாயின் அது என்ன சாசனம்?

துறைமுகம் வேண்டுமென்போர் கூற்றையும் நாம் அலட்சியம் செய்யவில்லை. மலாக்கா ஜலசந்தியின் வாயிலில் இருப்பதால் தேசப் பாதுகாப்புக்கு அது உதவும் என்கின்றனர். திருப்பூர்ப் பனியன் பெட்டிகள் கொழும்பு முதலிய அயல்துறைமுகங்களில் கப்பல் மாறிச் செல்வதும் உண்மையே. எனினும், வியாபாரம் பெருகியபோது நொய்யல் என்ன கதியடைந்தது என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். 2011-ல் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை ஹைகோர்ட் உத்தரவிட நேர்ந்தது. ஆற்றைக் கெடுத்தபின் கட்டும் அபராதம் ஆற்றைத் திருப்பித் தருவதில்லை.

இவ்விஷயம் தொலைதூரத் தீவோடு நிற்பதுமன்று. நமக்கு அருகிலுள்ள நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமாயிற்று. அதற்கும் காவல் அதே 1972-ம் வருஷத்துச் சட்டம்தான். தேசிய வாரியத்தின் சிபாரிசு இருந்தால் சரணாலயத்தின் எல்லையை மாற்றலாம் என்கிறது அச்சட்டம். ஜனப்பிரதிநிதிகளின் சபைக்கு அது வர வேண்டியதில்லை.

ஒரு முறை பிரகடனமான சரணாலயத்தைப் பார்லிமெண்டிலோ சட்டசபையிலோ பகிரங்கமாக விவாதிக்காமல் நீக்கலாகாது என்று சட்டத்தைத் திருத்த வேண்டும். நமது ஜில்லாவின் பிரதிநிதிகள் இதற்குக் குரல் கொடுப்பார்களா?