உயிரணுவும் உத்தேசக் கணக்கும்

உத்தேசம் என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவிலே அதனைச் சோம்பலின் மறுபெயராகக் கருதுவார் நம்முள் பலர். மூன்றாந் தசமத்தானம் வரை விடை வரைந்தார்க்கே தேர்வில் மதிப்பு மிகுதி. இக்கருத்துப் பிழைபட்டதென்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம்.

உயிரணு ஒன்றினுள் புரத மூலக்கூறு ஒருபுறமிருந்து மறுபுறஞ் சேர எத்துணைக் காலம் ஆகும்? அது நேர்வழியே செல்வதன்று. திருவிழாக் கூட்டத்திற் சிக்குண்ட சிறுவனைப்போல, சுற்றியுள்ள மூலக்கூறுகளால் எப்புறமும் மோதுண்டு அலைவது. இவ்வலைவின் விதியை 1905-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் ஆராய்ந்துரைத்தார். தூரம் இருமடங்காயின் காலம் நான்மடங்காம். பதின்மடங்காயின் நூறு மடங்காம். தூரத்தின் வர்க்கத்தைப் பரவற்கெழுவின் இருமடங்கால் வகுப்பின் காலம் ஏறக்குறையப் புலப்படும். உயிரணுவினுள் புரதத்திற்கு அக்கெழு விநாடிக்குச் சுமார் 10 சதுர மைக்ரான் எனக் கொள்க. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு கூறு. 1 மைக்ரான் அகலமுள்ள பாக்டீரியாவைக் கடக்க விநாடியில் இருபதில் ஒரு கூறு போதும். 10 மைக்ரான் அகலமுள்ள உயிரணுவைக் கடக்க 5 விநாடி வேண்டும்.

இனி, முதுகுத் தண்டினின்றும் பாதம் வரை நீளும் நரம்பணுவின் இழையை நோக்குக. அதன் நீளம் ஏறக்குறைய 1 மீட்டர். அணுவுடலில் ஆக்கப்பட்ட புரதம் வெறும் அலைவினாலேயே இழையின் நுனியை அடைய, அதே கணக்கின்படி, சுமார் 1,600 ஆண்டு ஆகும்!

‘கெழு பிழையாயின் விடையும் பிழையன்றோ?’ எனின், கூறுவாம். கெழு பத்து மடங்கு மிகுதியெனக் கொள்ளினும் 160 ஆண்டு ஆகும். உணவு வேண்டி நிற்கும் நரம்பு அத்துணைக் காலம் காத்திருக்குமோ? ஆகவே, அங்கே சுமையேந்திச் செல்லும் ஊர்தி ஒன்று இருந்தே தீர வேண்டுமென்பது எழுதுகோலும் தாளும் கொண்டே துணியப்படும். உண்மையும் அதுவே. 1985-இல் கண்டறியப்பட்ட கைனெசின் என்னும் புரதம் அத்தகைய ஊர்திகளுள் ஒன்று. இழையினுள் விரைந்து செல்லுஞ் சுமைகள் நாளொன்றுக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் செல்வன; 1 மீட்டர் வழி இரண்டரை நாளில் முடிகின்றது.

உத்தேசம் துல்லியத்திற்குப் பகையன்று. துல்லியம் எவ்விடத்து வேண்டும், எவ்விடத்து வேண்டா என அறிவிக்கும் வழிகாட்டி அது. ஆதலின் விடையைக் கணிக்குமுன் அதன் அளவை மதிப்பிடுமாறு மாணவரைப் பழக்குதல் ஆசிரியர் கடன். இலக்கியம் பயில்வாராகிய எம்மனோர்க்கும் இப்பயிற்சி வேண்டும். வர்க்கமும் வகுத்தலும் அறிந்தார்க்கு இஃது அரியதன்று. பிறர் தரும் எண்ணை ஆராயாது ஏற்பவன் எத்துறையிற் கற்பினும் கல்லாதவனே.