காட்டுக் காவலருக்குச் சாலையில் என்ன வேலை?

2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள், அன்னையர் தினத்தன்று விடியற்காலையில், கிரிக்–ஜெலி நெடுஞ்சாலையில் ஒரு யானைக் கன்று லாரியில் அடிபட்டு மாண்டது. கன்று வண்டியின் அடியிற் கிடக்க, தாய் யானை தன் நெற்றியை அந்த லாரியின்மேல் சாய்த்து நின்ற காட்சி நாடெங்கும் பரவியது. காட்டைக் கண்ணாற் காணாத கோலாலம்பூர்வாசிகளும் அதைக் கண்டு கலங்கினர்.

அக்கலக்கத்தினூடே ஒரு யோசனை பிறப்பது இயல்பு. காட்டுச் சாலைகளில் போக்குவரத்துக் காவலரைக் காண்பது அரிது. வனவிலங்கு இலாகாவினரோ அப்பகுதியிலேயே பணிபுரிகின்றனர். விரைந்து ஓட்டுவோரை நிறுத்தவும் அபராதம் எழுதவும் அவர்களுக்கே அதிகாரம் கொடுத்துவிட்டால் என்ன? கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். இன்னும் ஒருபடி மேலே போய், கிள்ளான் பள்ளத்தாக்கின் நெரிசல் மிகுந்த சாலைகளில் தொண்டர் படையினருக்கும் அவ்வாறே கொடுத்தால் சாலை ஒழுங்கு தானே வந்துவிடும் என்பாரும் உளர். சீருடை அணிந்தவர் எவராயினும் சட்டத்தின் கைதானே என்பது அவர்தம் வாதம். அவ்வாதம் பிழையானது. பிழையானது மட்டுமன்று, இந்நாடு ஒருமுறை செய்து பார்த்துக் கைவிட்டதும் ஆகும்.

முதற்கண் வனவிலங்கு இலாகாவின் நிலையை நோக்குவோர் அது எவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமந்து நிற்கிறது என்பதை உணர்தல் வேண்டும். வெள்ளையர் ஆட்சியில் வேட்டை விலங்குகளைக் காக்கும் பணி மாநிலந்தோறும் தனித்தனிச் சட்டத்தின்கீழ்ச் சிதறிக் கிடந்தது. 1930களின் தொடக்கத்தில் தியோடோர் ஹபாக் என்பார் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு அந்நிலையை ஆராய்ந்து விரிவான அறிக்கை அளித்தது. எனினும் தீபகற்பம் முழுமைக்கும் ஒரே சட்டம் என்ற நிலை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால்தான் கைகூடியது. அதற்கு மாற்றாக 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்று நடப்பில் உள்ளது. விலங்குகளையோ அவற்றின் உறுப்புகளையோ கடத்துவதாக ஐயம் ஏற்படின் வண்டியை நிறுத்திச் சோதிக்கும் அதிகாரமும் இலாகா அதிகாரிகளுக்கு உண்டு. அதனை எவரும் குறைகூறவில்லை. புலித்தோலைத் தேடி ஒரு வண்டியை நிறுத்துவது வேறு. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வந்தாய் என்று கேட்டு நிறுத்துவது வேறு.

அந்த முதற்பணியாவது நிறைவாக நடைபெறுகிறதா? 2016 முதல் 2020 வரை நடைபெற்ற தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் காடுகளில் எஞ்சியுள்ள மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. சுருக்குக் கம்பி வைப்போர் எல்லை கடந்தும் வருகின்றனர். தம் ஆள்வலிமை போதாமையால், 2019ஆம் ஆண்டு முதல் வனவிலங்கு இலாகாவினர் காவல்துறையினரோடு கூடிக் காட்டுக்குள் கூட்டு நடவடிக்கை மேற்கொள்ள வேண்டியதாயிற்று. இதிலுள்ள முரணைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். காட்டைக் காப்பதற்குக் காவல்துறை உள்ளே போகிறதாம். சாலையைக் காப்பதற்குக் காட்டுக் காவலர் வெளியே வரவேண்டுமாம்! இருவரும் வழியிற் சந்தித்து வணக்கம் சொல்லிக்கொள்ளலாமேயன்றி, இதனால் காட்டுக்கும் பயனில்லை, சாலைக்கும் பயனில்லை. வள்ளுவர் தெரிந்து வினையாடல் என ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அதனை மாணவர்க்கு ஆண்டுதோறும் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இதனை விளக்கவேண்டிய தேவை இல்லை.

இனிச் சாலைக்கு வருவோம் என்பார், கிள்ளான் துறைமுகத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை ஒரு லாரியைப் பின்தொடர்வது நன்று. அரிசியும் பருப்பும் மிளகாயும் ஏற்றிய லாரி அது; துன் சம்பந்தன் சாலையின் மளிகைக் கடைகளுக்குச் செல்வது. துறைமுக வாயிலில் சுங்க இலாகாவினர். அவர்க்கு 1967ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம். அருகே துறைமுகத்தின் துணைக் காவற்படையினர். வெளியே வந்து ஓரமாக நிறுத்தினால், 2024இல் மாநகராக உயர்வு பெற்ற கிள்ளானின் மாநகர் மன்ற ஊழியர். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறினால் போக்குவரத்துக் காவலர். பாரம் மிகுதியா என்று பார்க்கச் சாலைப் போக்குவரத்து இலாகாவினர். உரிமத்தைப் பார்க்க, 2010ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் இன்னோர் அமைப்பினர். கரும்புகை கக்கினால் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தோடு சுற்றுச்சூழல் இலாகாவினர். எல்லாம் தப்பிப் பிரிக்பீல்ட்ஸ் வந்து சரக்கை இறக்கத் தொடங்கினால் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தார். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரே உள்ள அத்தொலைவில் எட்டு வகைச் சீருடைகள்!

இவற்றுள் எந்தச் சீருடைக்கு எந்த அளவு அதிகாரம் என்பது அந்த ஓட்டுநருக்குத் தெரியுமா? அவர் தோட்டம் துண்டாடப்பட்டபின் கிள்ளானுக்கோ காப்பாருக்கோ குடிபெயர்ந்த குடும்பத்தின் மகனாக இருக்கலாம். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, மலாய் மொழியைப் பேச்சளவில் மட்டும் கற்றவராக இருக்கலாம். கைகாட்டி நிறுத்துபவர் யார், எச்சட்டத்தின்கீழ் நிறுத்துகிறார், நிறுத்தியபின் சாவியைப் பிடுங்கலாமா, பையைச் சோதிக்கலாமா என்று கேட்கும் துணிவு அவருக்கு எங்கிருந்து வரும்? தெரியாதவன் அஞ்சுகிறான், அஞ்சுபவன் பணத்தை நீட்டுகிறான். ஒன்பதாவது சீருடை ஒன்றைச் சேர்த்தால் அந்த அச்சம் ஒருபடி கூடுமேயன்றி அவரது வேகம் குறையப்போவதில்லை. போதாக்குறைக்கு, சீருடை வகைகள் பெருகப் பெருகப் போலிச் சீருடை அணிந்து வழிப்பறி செய்வோருக்கும் வேலை எளிதாகிறது.

1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தை இயற்றியோர் இதனை அறியாதவர் அல்லர். குற்ற அறிவிப்பு வழங்கும் அதிகாரத்தை அவர்கள் காவல்துறை அதிகாரிக்கும் போக்குவரத்துக் கண்காணிப்பாளருக்கும் சாலைப் போக்குவரத்து அதிகாரிக்கும் கொடுத்தனர். அவ்வட்டத்தைக் குறுகலாக வரைந்ததற்குக் காரணம் உண்டு. அபராதம் எழுதுபவர் நாளை வழக்குமன்றத்தில் சாட்சிக்கூண்டில் ஏறவேண்டியவர். கருவியின் அளவு சரியானதா, அறிவிப்புப் பலகை முறையாக இருந்ததா, வண்டி எவ்வளவு தொலைவில் இருந்தது என்ற குறுக்கு விசாரணைக்கு விடையளிக்க வேண்டியவர். அதற்குப் பயிற்சி வேண்டும். தவறு செய்தால் தண்டிக்கும் மேலதிகாரமும் வேண்டும். புலியின் தடத்தைக் கண்டு வயதைச் சொல்லும் அறிவு அரிய அறிவே. ஆயினும் அது வேறு அறிவு.

இந்நாடு இதனைச் செய்து பார்த்துக் கைவிட்டது என்று மேலே கூறப்பட்டது ரேலா தொண்டர் படையைக் குறித்தேயாம். 1972ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் தோன்றிய அப்படை, வெள்ளத்திலும் திருவிழாக் கூட்டத்திலும் செய்துவரும் தொண்டை எவரும் மறுக்கவியலாது. தைப்பூசத்தன்று பத்துமலையில் கூட்டத்தை நெறிப்படுத்துவோருள் அவர்களும் உளர். 2005ஆம் ஆண்டில் அவசரகால விதிகளைத் திருத்தி, ஆணைப்பத்திரம் இன்றி வீடுகளில் நுழையவும் பயணப் பத்திரங்களைக் கேட்கவும் ஐயத்திற்குரியோரைப் பிடித்து வைக்கவும் அவர்களுக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது. குடிநுழைவு இலாகாவுக்கு ஆள் போதவில்லை என்பதே அதற்கும் பின்னணி. நோக்கம் என்னவோ தூயதாகவே இருந்திருக்கலாம். விளைந்தது என்ன? கிள்ளான் பள்ளத்தாக்கின் வெளிநாட்டுத் தொழிலாளர் குடியிருப்புகளில் நள்ளிரவுச் சோதனைகள். முறையான பத்திரம் வைத்திருந்தோரையும் பிடித்துச் சென்றதாக முறையீடுகள். வழக்கறிஞர் மன்றத்தின் கண்டனம். அனைத்துலக மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகள். சில நாள் பயிற்சியோடு சீருடை பெற்ற ஒருவர் கையில், நெடுநாட் பயிற்சி பெற்றோரும் தயங்கிப் பயன்படுத்தும் அதிகாரத்தைக் கொடுத்ததன் பலன் அது. ஈற்றில் 2012ஆம் ஆண்டில் புதுச்சட்டம் இயற்றி, கைதுசெய்யும் அதிகாரத்தை அப்படையிடமிருந்து விலக்கினர். ஏழாண்டுப் பட்டறிவு இது. பாடநூலில் இடம்பெறாததால் மறக்கப்பட்டுவிட்டது போலும்.

அதே 2012ஆம் ஆண்டில் வேகத்தைப் படம்பிடிக்கும் தானியங்கிக் கருவிகளைத் தனியார் நிறுவனங்களின் கையிற் கொடுத்த கதையும் உண்டு. அபராதத்தில் இலாபம் காண்போர் அபராதத்தைக் குறைக்க விரும்புவாரோ என்ற மக்களின் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. 2018இல் அரசே அப்பொறுப்பை மீட்டுக்கொண்டது. அதைப்பற்றி இதற்குமேல் சொல்ல ஏதுமில்லை.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வேட்டைக் காவலர்கள் போக்குவரத்துக் குற்றத்திற்கும் வண்டியை நிறுத்துகிறார்களே என்று எடுத்துக்காட்டுவோர் உளர். உண்மைதான். ஆனால் அங்கே அவர்கள் காவல் அதிகாரிகளுக்குரிய பயிற்சியைப் பல மாதம் பெற்று, அதற்குரிய உரிமமும் பெற்று, முழு அதிகாரமுள்ள காவலராகவே பணியில் அமர்கின்றனர். பெயர் வேட்டைக் காவலர். தகுதி காவல் அதிகாரி. இங்கே பேசப்படுவதோ பயிற்சியைக் கூட்டாமல் அபராதப் புத்தகத்தை மட்டும் கையிற் கொடுப்பது. நெல்லைப் பார்த்துவிட்டு உமியை விதைப்பதற்கு ஒப்பானது இது.

வனத்தையும் சாலையையும் ஒருசேரக் காக்க வழியே இல்லையா எனின், உண்டு. தமிழகத்தின் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் ஊடே பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதை வழியாக மைசூருக்குத் தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. அங்கே சிறுத்தையும் மானும் இரவில் அடிபட்டு மாண்டுவந்தன. 2019இல் ஈரோடு மாவட்ட ஆட்சியர் இரவுப் போக்குவரத்தைத் தடைசெய்து ஆணையிட்டார். அது ஏட்டளவில் கிடக்க, 2022 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அதனை நடைமுறைப்படுத்துமாறு பணித்தது. அதற்கு முன்பே, 2009இல், கர்நாடகத்தின் பண்டிப்பூர்க் காட்டுச் சாலைகள் இரவு 9 மணிமுதல் காலை 6 மணிவரை மூடப்பட்டன. இவ்விடங்களில் எந்தக் காட்டுக் காவலரும் மரத்தின் பின்னே மறைந்துநின்று வேகத்தை அளக்கவில்லை. ஆணை வெளிப்படையானது, நேரம் அறிவிக்கப்பட்டது, சாவடி ஓரிடத்தில் நிற்கிறது. குறித்த நேரத்தில் வழி அடைபடுகிறது, அவ்வளவே. அதனால் வணிகர்க்கும் மலைவாழ் மக்களுக்கும் இடர் நேர்ந்தது என்பதும், அவர்கள் போராடியதும் உண்மை. எனினும் எதனை எதிர்த்துப் போராடுகிறோம் என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. யாரோ ஒரு சீருடையின் மனப்போக்கை எதிர்த்து எங்கே முறையிடுவது?

யானைக் கன்று மாண்ட அதே கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில், ஒரு மாதம் கழியுமுன்னர், 2025 சூன் 9ஆம் நாள் பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர் 15 பேர் உயிரிழந்தனர். ஆசிரியராகப் பயிற்சி பெறுவோர் மிகுந்த கல்விக்கூடம் அது. தமிழ்ப் பள்ளிகளுக்கு ஆசிரியரை அளித்துவருவதும் அதுவே. அதற்கும் முன்னர், மே 13ஆம் நாள் தெலுக் இந்தானில் அளவுக்கு மீறிக் கற்சுமை ஏற்றிய லாரி மோதிக் கலகத் தடுப்புக் காவலர் 9 பேர் மாண்டனர். இவ்விரு வண்டிகளையும் கண்காணிக்கச் சட்டம் இல்லாமலா போயிற்று? அதிகாரிகள் இல்லாமலா போயினர்? மாணவர் சென்ற பேருந்தின் உரிமம் ஒரு நிறுவனத்தின் பெயரிலும் அதனை ஓட்டும் தொழில் வேறொருவர் கையிலும் இருந்ததாக விசாரணையில் வெளிப்பட்டது. அதனைக் கண்டுபிடிக்க நெடுஞ்சாலையில் நின்று கைகாட்டத் தேவையில்லை. அலுவலகத்தில் அமர்ந்து ஏட்டைப் புரட்டினால் போதும். மிகுசுமையும் கல் உடைக்கும் இடத்தின் வாயிலிலேயே எடைபோட்டால் தெரிந்துவிடும். கையில் உள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தாத குறைக்கு, அதிகாரமில்லாதவர் கையில் புது அதிகாரத்தைத் திணிப்பது மருந்தாகாது.

யானைகள் கடக்கும் இடங்கள் எவை என்பதை வனவிலங்கு இலாகா நன்கறியும். கழுத்துப் பட்டைக் கருவிகளால் அவற்றின் நடமாட்டத்தைக் குறித்து வைத்திருப்போரும் அவர்களே. அக்குறிப்புகளைப் பொதுப்பணி இலாகாவிடம் சேர்ப்பதும், அவ்விடங்களில் விளக்கும் வேகத்தடையும், விலங்குகள் அடியிற் செல்லத்தக்க பாலங்களும் கேட்டு வாதாடுவதும் அவர்தம் கடமை. பகாங்கின் சுங்கை யூவில் அத்தகைய பாலங்கள் கட்டப்பட்டுள்ளன. மேலும் பல வேண்டும். விரைந்து ஓட்டுவோரைப் பிடிப்பது காவல்துறையினதும் சாலைப் போக்குவரத்து இலாகாவினதும் வேலை. கூட்டரசு நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்பவர்களில் ஒரு பகுதியினரை இரவில் கிரிக் சாலைக்கு அனுப்புவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு பணிமாற்ற ஆணை போதும்.